குதிகாலும் மேல்கோட்டைப் படியும்

மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் மேல்கோட்டைக்கு ஒருமுறையேனும் செல்லாதது அரிது. பங்குனியில் வைரமுடிச் சேவைக்குச் செல்வோர் உண்டு. புளியோதரைக்காகவே செல்வோரும் உண்டு. அவர்களை நாம் குறை கூற மாட்டோம். இவ்வாண்டு தைத் திங்களில் நாம் சென்றது அன்னையாரின் வேண்டுதலை நிறைவேற்றுதற்கு. அவ்வேண்டுதலுக்குக் காரணமாய் அமைந்தது நமது இடது குதிகால்.

('நான்' என்று எழுதாமல் 'நாம்' என்று எழுதுவதை அன்பர்கள் தற்பெருமையாகக் கொள்ளலாகாது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பெழுதிப் பழகிய கைக்கு 'நான்' என்னும் சொல் எளிதில் வருவதில்லை.)

நம் தந்தையார் சர்க்கரை நோயால் வலக்காலை இழந்து, ஐம்பத்தாறாம் அகவையில் மறைந்தவர். பவானியில் நம் வீட்டுத் திண்ணையில் அவருடைய ஒற்றைச் செருப்பு நெடுநாள் கிடந்தது. அதை எடுத்தெறிய ஒருவருக்கும் மனம் வரவில்லை. நமது நாற்பத்தொன்றாம் வயதில் குருதிச் சோதனைத் தாளில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று கண்டபோது, அந்தச் செருப்புத்தான் முதலில் நினைவில் வந்தது. 5.7 முதல் 6.4 வரை நோயின் வாயில், 6.5 எனில் உள்ளே நுழைந்தாயிற்று. மறுநாள் விடியலில் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குச் சென்றோம். முதலில் நடை, பின்னர் சிறிது ஓட்டம், பின்னர் ஓட்டமே. இரண்டாண்டில் 5.6க்கு இறங்கியது. ஓட்டம் நமக்குப் பொழுதுபோக்கு என்று அலுவலக நண்பர்கள் சொல்லுவர். நாமும் மறுத்ததில்லை.

வினை வந்தது பேராசையால். பத்துக் கிலோமீட்டர் ஓட்டமொன்றில் பெயர் கொடுத்துவிட்டு, மூன்று கிலோமீட்டரையே அறிந்த கால்களை நான்கு வாரத்தில் பத்துக்கு இழுத்தோம். ஞாயிறுதோறும் சாமுண்டி மலைப்படிகளில் ஏறியும் பயின்றோம். நாற்பத்து நான்கு வயதில் இருபத்து நான்கின் அவசரம்! ஓடி முடித்துப் பதக்கமும் பெற்றோம். மறுநாட்காலை கட்டிலினின்று இறங்கியபோது, குதிகாலுக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில், நாணில் யாரோ முடிச்சிட்டாற்போல் ஒரு வலி. பத்தடி நடந்ததும் தளர்ந்தது. மறுநாள் மீண்டும் வந்தது. அதன் இயல்பு அதுதான். நடக்க நடக்க மறையும். ஆறிவிட்டது என்று எண்ணி ஓடினால், அடுத்த விடியலில் வட்டியுடன் திரும்பும்.

தைலம் தேய்த்தோம், பனிக்கட்டி வைத்தோம், புதுக் காலணி வாங்கினோம். ஒரு மருத்துவமனையில் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த வயதில் ஓட்டம் எதற்கு?" என்று கேட்டு அனுப்பினர். ஆறு வாரம் முழு ஓய்வு எடுத்தோம். வலி முற்றிலும் நின்றது. ஓடிய முதல் நாளே திரும்பியது. இதற்கிடையில் சர்க்கரை 6.1 ஆயிற்று. அந்தத் தாளை மனையாளிடம் காட்டாமல் மடித்துக் கோப்பில் வைத்தோம். அரசு ஊழியனுக்கு மறைக்கத் தெரியாத தாள் உண்டா? ஆயினும் அன்னையார் கண்டுவிட்டார். யோகநரசிம்மருக்கு வேண்டிக்கொண்டது அன்றுதான்.

இயன்முறை மருத்துவம் பயின்ற ஒரு பெண்மணியிடம் பின்னர்ச் சென்றோம். அவர் சொன்ன கதை வியப்பானது. சுவீடன் நாட்டின் ஊமியோ நகரில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்னும் எலும்பு மருத்துவருக்கு இதே நோய் வந்தது. அறுவை செய்யும்படித் தம் துறைத்தலைவரைக் கேட்டார், அவர் இசையவில்லை. நாண் அறுந்தே போனால் அறுத்துத்தானே ஆகவேண்டும் என்று எண்ணி, அதை அறுப்பதற்காகவே வலிக்க வலிக்கக் கடும்பயிற்சி செய்தார். நாண் அறவில்லை, வலிதான் அற்றது! பின்னர், சராசரி நாற்பத்து நான்கு வயதுடைய பொழுதுபோக்கு ஓட்டக்காரர் பதினைவருக்கு அப்பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார். பதினைவரும் ஓட்டத்துக்குத் திரும்பினர் என்று 1998ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

பயிற்சி எளிது. ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தால் நிற்க வேண்டும். நலமுள்ள காலால் எழும்பி, நோயுற்ற காலின்மேல் உடலெடையை வைத்து, குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெல்ல மெல்ல இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி மும்முறை பதினைந்து, மடித்து மும்முறை பதினைந்து, காலையும் மாலையும். நாளொன்றுக்கு 180, எண்பத்து நான்கு நாளில் 15,120. சிறிது வலித்தாலும் தொடரலாம். தாங்கொணா வலியெனில் நிறுத்த வேண்டும். வலி தணியத் தணிய முதுகில் பளு ஏற்ற வேண்டும். இது நாணின் நடுப்பகுதி வலிக்கே நன்கு பயன்படும். எலும்போடு சேருமிடத்தில் வலியெனில் படிமட்டத்துக்குக் கீழே இறக்கலாகாது. சிப்ரோஃப்ளாக்சசின் முதலிய மருந்துகள் நாணை அறுக்கக்கூடும் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கடும் எச்சரிக்கை விடுத்தது. அறுபதைக் கடந்த அன்பர்கள் இதை நினைவிற்கொள்வது நலம்.

கேட்டுவிட்டு வந்தோமேயன்றிச் செய்யவில்லை. படியில் ஏறியிறங்கி வலி போகுமெனில் மைசூர்த் தபால்காரர் ஒருவருக்கும் கால் வலிக்கக்கூடாதே என்பது நம் வாதம்.

மேல்கோட்டை மலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். எழுபத்திரண்டு வயதான அன்னையார் முன்னே ஏறினார். மனையாள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். நாமும் பதின்மூன்று வயது மகனும் பின்னே. பாதி வழியிலேயே குதிநாண் கடுத்தது. ஒரு மண்டபத்தில் அமர்ந்துவிட்டோம். நமக்காக வேண்டிக்கொண்டவர் மேலே செல்ல, நாம் நடுவழியில்! கீழே கல்யாணிக் குளம் பச்சையாய்க் கிடந்தது. அப்பால் செலுவநாராயணர் கோயில். இராமாநுசர் தமிழகத்தை விட்டு வந்து பன்னிரண்டு ஆண்டு தங்கிய ஊர் இதுவென்பது மரபு. அவர் அழைத்ததும் செல்வப்பிள்ளை சலங்கை ஒலிக்க நடந்து வந்து மடியில் அமர்ந்தான் என்றும் சொல்வர். அவர் திருவரங்கம் திரும்பியபோது பிரிவாற்றாத இவ்வூரார்க்கு விட்டுச்சென்ற உருவமே தமருகந்த திருமேனி. பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்வோர்க்கு இவ்வூரின்மேல் ஒரு தனிப்பற்று உண்டாவது இதனால்தானோ என்னவோ.

"அப்பா, அந்த எக்சர்சைஸ் இங்கே பண்ணலாமே" என்றான் மகன்.

தேய்ந்த கருங்கற்படி, விளிம்பு பாதத்துக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. அவன் தோளைப் பற்றிக்கொண்டு குதிகாலை இறக்கினோம். வலித்தது. அவன் எண்ணினான்: "ஒந்து, எரடு, மூரு..." நம் வலியைக் கன்னடத்தில் எண்ணுகிறானே என்று ஒரு கணம் நெஞ்சு சுருக்கென்றது. பதினைந்துவரை விடாமல் எண்ணினான் என்பதையும் சொல்லவேண்டும். மூன்றாம் சுற்றில் அன்னையார் இறங்கி வந்துவிட்டார்.

"என்ன சாமி, ஏறவும் இல்லாம எறங்கவும் இல்லாம ஒரே படியில நின்னு என்ன பண்ற?"

காரணம் சொன்னோம்.

"அதுக்கு இத்தனை தூரம் வரணுமா? நம்ம வாசப்படி என்ன பண்ணுச்சு?"

அன்றுமுதல் வாயிற்படியே பயிற்சிக்களம். எண்ணிக்கை அன்னையாரின் பொறுப்பு. பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையை ஒவ்வொன்றாய்க் கிண்ணத்தில் இடுவார். நாம் பதினான்கில் நிறுத்தினால் கிண்ணத்தைக் காட்டுவார். ஐந்தாம் வாரம்வரை ஒரு பயனும் இல்லை. ஆறாம் வாரத்தில் ஒரு விடியலில் சமையலறைவரை நடந்து சென்ற பின்னரே, வலிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பின்னர் மகனின் பள்ளிப்பையில் ஐந்து கிலோ ராகியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டோம். எதிர்வீட்டுக் கன்னட நண்பர் நாம் ஊரைவிட்டுப் போகிறோமோ என்று விசாரித்தார்.

குதிநாணைப் பற்றி இன்னொரு செய்தியும் படித்தோம். 1955 முதல் 1963 வரை நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கரியின் சுவடு, அக்கால மக்களின் உடலிலும் படிந்தது. டென்மார்க் நாட்டினர் அதைக் கொண்டு குதிநாண்களை ஆராய்ந்து 2013இல் ஒன்று கூறினர். நாணின் உள்நடு, வளரும் பருவமாகிய முதல் பதினேழு ஆண்டுகளில் உருவாவது. அதன்பின் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லையாம். எனவே மைசூரில் இத்தனை ஆண்டு சோறுண்டும், நம் குதிநாணின் உள்ளே இருப்பது பவானி. காளிங்கராயன் வாய்க்கால் கரையில், பள்ளிக்கு நேரமாயிற்றென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய நாண்தான் இது. அதை வைத்துக்கொண்டு நான்கு வாரத்தில் பத்துக் கிலோமீட்டர் கேட்டோம்.

சித்திரையில் பன்னிரண்டு வாரம் முடிந்தது. குக்கரஹள்ளியில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என இரண்டு கிலோமீட்டர் சென்றோம். மறுநாட்காலை சிறிது இறுக்கம் இருந்தது. பத்தடி வேண்டியிருக்கவில்லை, மூன்றடியில் போயிற்று. இப்போது வைகாசி. வாரம் மும்முறை ஓடுகிறோம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் இல்லை. அடுத்த குருதிச் சோதனை ஆவணியில். அந்தத் தாளை முதலில் அன்னையார் கையில் கொடுப்பதாக ஒப்பந்தம். பயிற்சியை நிறுத்தலாமா என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொட்டைகளைத் தரையில் பரப்பிக்கொண்டு, படியைக் கையால் காட்டினார்.