ஐந்து கட்டையிலிருந்து இறங்கி

கல்லூரி முடிக்கும் வயதுவரை தொலைபேசியில் நான் 'மேடம்'தான். சிலிண்டர் பதியக் கூப்பிட்டால், "சொல்லுங்க மேடம், கன்சூமர் நம்பர்?" என்பார்கள். "நான் மேடம் இல்லைங்க" என்றால் எதிர்முனையில் பேச்சு ஒரு நொடி நின்றுபோகும். அந்த ஒரு நொடிக்குப் பயந்து, மேடமாகவே இருந்து சிலிண்டர் வாங்கிவிடுவது என்று பழகிக்கொண்டேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துப் பக்கம். மார்கழி விடியலில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை பாடும் பிள்ளைகளில் நான் முன்வரிசை. சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைப்பார்கள். பெண் பிள்ளைகளோடு சேர்ந்து பாடினாலும் என் குரல் மேலே தனியாகக் கேட்கும். பொங்கல் வாங்கும்போது என் தொன்னையில் மட்டும் முந்திரி கொஞ்சம் தாராளமாக விழும். தெருவில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. 'பாடுற பையன்' என்றால் தெரியும்.

எட்டாவது ஒன்பதாவது படிக்கையில் கூட இருந்த பையன்களுக்கெல்லாம் தொண்டை கரகரத்தது. மகரக்கட்டு. குரல்வளை பெரிதாகிக் கழுத்தில் கீழே இறங்கும், குரல் நாண்கள் நீண்டு தடிக்கும். சிறுவயதில் நொடிக்கு 250 முறை, அதற்கும் மேலேகூட அதிர்ந்தவை, வளர்ந்த ஆணுக்கு 100 முதல் 130 முறைதான் அதிரும். ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறக்கம். தசைகளுக்கு இந்தப் புது அளவு பிடிபடும்வரை குரல் ஒரே வாக்கியத்துக்குள் ஏறி இறங்கி வழுக்கும். பெண் பிள்ளைகளுக்கும் குரல் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் கொஞ்சம்தான். வீட்டில் யாருக்கும் தெரியாமலே அது நடந்து முடிந்துவிடும்.

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகப் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு என்பது பிழைப்பைத் தொடும் விஷயம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை மாதிரியான சபைகளில் ராஜாவும் ராணியும் சிறுவர்கள்தான். நாடகமே பாட்டில் நடந்த காலம் அது. தொண்டை உடைந்தவன் கதாநாயகி வேஷத்தில் எத்தனை நாள் நிற்க முடியும்? ஐரோப்பாவில் இதற்குக் கொடூரமான வழி ஒன்று வைத்திருந்தார்கள். குரல் உடையும் வயதுக்கு முன்பே பையன்களுக்கு விதை நீக்கி, தேவாலயத்திலும் ஆபராவிலும் பாட வைத்தார்கள். அந்த வரிசையின் கடைசிப் பாடகர்களில் ஒருவரான அலெஸாண்ட்ரோ மொரெஸ்கி பாடி, 1902லும் 1904லும் பதிவான ஒலித்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. என்னால் அவற்றை ரசிக்க முடியவில்லை. காரணம் பாட்டில் இல்லை.

எனக்குக் கத்தி எதுவும் தேவைப்படவில்லை. மீசை வந்தது, உயரம் வந்தது, குரல் மட்டும் அங்கேயே நின்றது. "சிலருக்கு லேட்டாத்தான் வரும்" என்றாள் அம்மா. வருகைப் பதிவின்போது வாய் திறக்காமல் கையைத் தூக்கினேன். பாட்டும் போயிற்று, ஏனென்றால் பிடிவாதமாக மேலே நின்ற அந்தக் குரலில் பழைய கனம் இல்லை. பின்வரிசையிலிருந்து 'பொம்பளக் குரல்' என்று கத்துவார்கள். அது எப்படி வசவாகிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பி. சுசீலாவைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் ஊர்தானே இது?

ஆண் குரல் என்றால் இப்படித்தான் என்கிற கணக்கும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மைக் இல்லாத மேடையில் கடைசி பெஞ்சுவரை குரல் போயாக வேண்டும். அதனால் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா எட்டிய மேல்ஸ்தாயியைக் கேட்கவே கூட்டம் முண்டியடித்தது. 1933இல் அவர் இறந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. மைக் வந்த பிறகுதான் ஆண்கள் சௌகரியமாகக் கீழே இறங்கிப் பாடத் தொடங்கினார்கள். இதையெல்லாம் படித்து என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். சிலிண்டர்காரருக்குக் கிட்டப்பாவைத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கடைசியில் திருச்சியில் கல்லூரி விடுதி நண்பன் ஒருவன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இழுத்துப்போனான். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, தொண்டைக்குள் கண்ணாடியை விட்டு, 'ஈ' சொல்லச் சொன்னார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாண் எல்லாம் நல்லா வளந்திருக்கு தம்பி. நீங்கதான் அதை இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கீங்க." பியூபர்போனியா என்று சீட்டில் எழுதிப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்.

பயிற்சி தந்த அம்மா முதலில் இருமச் சொன்னார். இருமினேன். "இப்ப வந்த சத்தத்தைக் கவனிச்சீங்களா? இருமல் மட்டும் ஆம்பளையா இருக்கே" என்றார். பிறகு என் கழுத்து மேட்டை விரலால் மெல்லக் கீழ்நோக்கி அழுத்தியபடி, 'ம்' என்று முனகச் சொன்னார். முனகலை நிறுத்தாமல் 'ஆ'வாக்கச் சொன்னார். நெஞ்சில் வைத்திருந்த என் கை அதிர்ந்தது. கனமான, சொரசொரப்பான ஒரு குரல் வந்தது. பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். யாரோ ஒரு சித்தப்பா பேசுகிற மாதிரி இருந்தது. அப்புறம் மாமா, மாமரம், மாலை என்று சொற்கள், ஒன்று முதல் நூறுவரை எண்கள், அன்றைய செய்தித்தாள்.

அறைக்குள் இரண்டு மூன்று வாரத்தில் குரல் நிலைத்துவிட்டது. வெளியே வந்து பஸ்ஸில், "கும்பகோணம் ஒண்ணு" என்று அந்தக் குரலிலேயே கேட்டேன். கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டிக்கெட் கிழித்தார். அவருக்கென்ன, பழைய குரலை அவர் கேட்டதில்லை. வீட்டு வாசலை மிதித்ததும் என் வாயிலிருந்து வந்தது கீச்சுக் குரல்தான். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. தெரியாதவர்களிடம் ஒரு குரல், தெரிந்தவர்களிடம் இன்னொன்று. அந்த அம்மாவிடம் சொன்னேன். "எல்லாரும் இங்கதான் வந்து முட்டிக்கிறாங்க. தொண்டை சீக்கிரம் வந்துடும் தம்பி. ஊருதான் வராது" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷமாக நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது 'பாடுற பையனை'. அவன் என் தொண்டையில் இருந்ததைவிடத் தெருக்காரர்களின் காதில்தான் அதிகம் குடியிருந்தான். நம் குரலை நாம் மண்டையெலும்பு வழியாகவும் கேட்பதால் நமக்கு அது கனமாகவே கேட்கும். மற்றவர்களுக்குக் காற்றில் வருவது மட்டும்தான். கேசட்டில் தன் குரலைக் கேட்டு 'இது நானில்லை' என்று பலரும் பதறுவது அதனால்தான். ஊர் கேலி செய்த குரலை நான் ஒருவன்தான் சரியாகக் கேட்டதே இல்லை.

நேரில் முடியாது என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். "அம்மா, நான்தான்" என்றேன். "யாருங்க? ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டு வீட்டுக் கதைகள் சிலவற்றைச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் வெகுநாள் பக்கத்து வீட்டாரிடம், "அவனுக்குத் தொண்டை சரியில்ல, சுக்குக் கஷாயம் போட்டுக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரு கட்டையில் பாடுகிறேன். சாரீரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, மேலே போனால் பிசிறடிக்கும். கரகரப்பும் மூக்கொலியும் கொண்ட சாரீரத்தோடு போராடித்தான் செம்மங்குடி சீனிவாச ஐயர் 1947இல் சங்கீத கலாநிதி ஆனார் என்று பாட்டு வாத்தியார் அடிக்கடி சொல்வார். செம்மங்குடிக்கு இருந்த ஞானத்தைப் பற்றி நல்லவேளையாக அவர் பேசுவதில்லை.

போன வாரம் அக்கா மகன் கூப்பிட்டான். பள்ளி விழாவில் பாட வேண்டுமாம், மேலே போனால் உடைகிறதாம்.

"சுருதியை இறக்கிப் பாடு. தண்ணி நிறையக் குடி. வலிச்சா நிறுத்திடு, கத்தாதே."

"இறக்கியும் உடைஞ்சா மாமா? எல்லாரும் இருப்பாங்க."

"அவங்க முன்னாடியே உடையட்டும்டா."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப கிரிக்கெட்ல அப்பீல் கேக்கலாமா?"

"நெஜமாவே அவுட்டா இருந்தா கேளு."