ஏழு இலக்க எண்

எங்கள் மயிலாப்பூர் வீட்டு டெலிபோன் எண்ணுக்கு ஏழு இலக்கங்கள். பிற்பாடு முன்னால் ஒரு இரண்டு ஒட்டிக்கொண்டு எட்டானது. அப்பா போன மறுவருஷம் இணைப்பை சரண்டர் செய்தோம். வீடு பில்டர் கைக்குப் போனது. இப்போது செல்லில் அந்த எண்ணை அழுத்தினால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. ஆனால் அடையாறில் என் வாடகை வீட்டில், லேப்டாப்புக்குள் ஓடும் ஒரு பொய்க் கம்ப்யூட்டரில் பழைய ஏழு இலக்கத்தை அடித்தால் எடுக்கிறார்கள். எடுப்பது கலிஃபோர்னியாவில்.

பொய்க் கம்ப்யூட்டர் என்று நான் சொல்வது டாஸ்பாக்ஸை. பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்காக எழுதப்பட்ட எமுலேட்டர். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆட வந்தவர்கள் பலரும் அதன் அமைப்புக் கோப்பில் சீரியல் போர்ட் பற்றிய வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள். அங்கே 'மோடம்' என்று எழுதினால், இல்லாத ஒரு மோடம் இருப்பதாக டாஸ் நம்பிவிடும். டெலிக்ஸ் மாதிரி ஒரு பழைய டெர்மினல் மென்பொருளைத் திறந்து ஏடிடிடி என்று அடிக்க வேண்டும். ஏடி என்பது 'அட்டென்ஷன்', அதாவது மோடமைப் பார்த்து 'இங்க கவனி' என்பது. அடுத்த டி டயல், கடைசி டி டோன். அதன் பின்னால் போன் நம்பருக்குப் பதில் ஓர் இணைய முகவரியைக் கொடுத்தால் மோடம் டெல்நெட் வழியாகப் போய் இணைகிறது. டாஸ்பாக்ஸின் புதிய வகைகளில் ஒரு டெலிபோன் டைரக்டரி கோப்பும் உண்டு. ஒரு பக்கம் எண், மறுபக்கம் முகவரி. அந்த முதல் வரியில்தான் எங்கள் வீட்டு எண்ணைப் போட்டுவைத்திருக்கிறேன்.

மறுமுனையில் இருப்பது புல்லட்டின் போர்டு, சுருக்கமாக பிபிஎஸ். 1978 ஜனவரியில் சிகாகோவில் பெரும் பனிப்பொழிவு. வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட வார்ட் கிறிஸ்டென்சனும் அவர் நண்பர் ராண்டி சூஸும், தங்கள் கம்ப்யூட்டர் கிளப்புக்கு ஒரு அறிவிப்புப் பலகையை மோடத்தின் மேல் கட்டினார்கள். பிப்ரவரி 16 அன்று அது பொதுவுக்கு வந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன். ஒருவர் இணைந்திருந்தால் அடுத்தவருக்கு எங்கேஜ்டு டோன்தான். நம் தெருமுனைகளில் தினம் ஒரு குறள் எழுதும் கரும்பலகை ஞாபகம் வருகிறது; சாக்பீஸ் ஒன்றுதான், ஒருத்தர் எழுதி முடித்தால்தான் அடுத்தவர் எழுதலாம். சூஸ் 2019ல் போனார், கிறிஸ்டென்சன் 2024 அக்டோபரில். இன்று நாம் 'பதிவு', 'பின்னூட்டம்' என்றெல்லாம் சொல்வதன் தாத்தா வீடு அந்தப் பலகை.

1984ல் டாம் ஜென்னிங்ஸ் ஃபிடோநெட்டைத் தொடங்கினார். கட்டணம் குறைவான நடுராத்திரியில் ஒரு பலகை இன்னொரு பலகைக்கு தானே போன் போட்டு, அன்றைய கடிதங்களைக் கைமாற்றிவிடும். இந்தியாவிலும் பலகைகள் இருந்தன. பெங்களூரில் அதுல் சிட்னிஸ் நடத்திய சிக்ஸ் பெயர் பெற்றது. சென்னையிலிருந்து அதைக் கூப்பிட எஸ்டிடி. ராத்திரி வெகுநேரம் ஆனால் கட்டணம் கால் பங்கு. எஸ்டிடி பூத் வாசலில் ராத்திரிக் கூட்டம் நின்றதும் இதே கணக்கில்தான். அமெரிக்கக் கம்ப்யூட்டர் பைத்தியங்களும் துபாய்க்காரர் மனைவிகளும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கிறது.

அப்பாவுக்கு பிபிஎஸ் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அதன் தம்பி. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது சென்னையும் அதில் இருந்தது. மாணவர்களுக்கென்று ஒரு கணக்கு. படம் வராது, எழுத்து மட்டும். அண்ணா காலேஜில் இருந்ததால் அவன் பெயரில் கணக்கு. அவன் மேல்படிப்புக்கு நியூஜெர்சி போன பிறகு அப்பா அதை எடுத்துக்கொண்டார். அவர் டி.நகரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர். கீபோர்டில் பத்து விரலும் இறங்கும்போது சத்தம் கூடம் வரை கேட்கும். அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் வராது. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ். 'இன்னைக்கு மழை. மாடவீதியில முழங்கால் தண்ணி. அம்மா உன் சட்டையெல்லாம் வெயில்ல போட்டா.' இப்படித்தான் எல்லாக் கடிதமும். அவர் வாயால் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சமையலறையில் ஒரு பேரலல் போன் இருந்தது. அம்மா பெரியம்மாவைக் கூப்பிட அதை எடுத்தால் லைன் அறுந்துவிடும். "யாரும் போனை எடுக்காதீங்க!" என்பது எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணி அறிவிப்பு. அம்மா உள்ளிருந்து, "ஆமா, ஜனாதிபதிக்கு லெட்டர் எழுதறார்" என்பாள்.

தமிழ் வராத திரை என்றேன். எவ்வளவு வராது என்று ஒருநாள் சோதித்தேன். இன்றைய யூனிகோட் தமிழில் எழுதிய கோப்பு ஒன்றை டாஸ்பாக்ஸுக்குள் திறந்தேன். யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அதில் முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பழைய ஐபிஎம் எழுத்துத் தொகுதியில் அது கிரேக்க ஆல்பா. இரண்டாவது, இடமோ வலமோ பார்க்கும் இரட்டைக் கோணக்குறி. ஆக ஔவையோ ஆட்டோ மீட்டரோ எதை எழுதினாலும் ஆல்பா, கோணம், ஏதோ ஒன்று. ஆல்பா, கோணம், ஏதோ ஒன்று. 'தமிழ்' என்ற சொல்லுக்கு இப்படிப் பதினைந்து கிறுக்கல். இந்தச் சுவரைத் தாண்ட ஆட்கள் பட்ட பாடு ஒரு தனி வரலாறு. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஒரு எழுத்துருவை இலவசமாகத் தந்தார். அதன் பெயர் 'மயிலை'. எங்கள் ஊர்ப் பெயரே! 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும் அவர்தான் முன்னோடி. நீங்கள் செல்லில் சும்மா தமிழ் தட்டுவதற்கு முன்னால் இத்தனை பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

நான் இணையும் பலகை வெர்ட்ராவன். சிங்க்ரோநெட் என்ற பிபிஎஸ் மென்பொருளை எழுதிய ராப் ஸ்வின்டெல் நடத்துவது. டெலிக்ஸில் வேகத்தை வேண்டுமென்றே 2400 பாடுக்குக் குறைத்திருக்கிறேன். நொடிக்கு 240 எழுத்து. எண்பது பத்தி, இருபத்தைந்து வரி கொண்ட ஒரு திரை நிரம்ப எட்டு நொடிக்கு மேல் ஆகும். 300 பாடு என்றால் ஒரு நிமிஷத்துக்கும் மேல். நண்பர்கள் இதை நாஸ்டால்ஜியா என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா டயல் செய்துகொண்டிருந்த காலத்தில் நான் ஒன்றாங்கிளாஸ். நினைத்து ஏங்க எனக்கு அதில் ஒன்றுமில்லை. வரி மேலிருந்து கீழே வரும்போது கண் அதற்கு முன்னால் ஓட முடியாது, அவ்வளவுதான். கோபமாக ஒரு வாக்கியம் வருகிறதென்றால் அது முடியும்வரை காத்திருந்துதான் ஆகவேண்டும்.

கோபம் என்றதும் அண்ணாவைச் சொல்ல வேண்டும். வீட்டுப் பணம் பிரித்த அன்று ஜூமில் சில வார்த்தைகள் விழுந்தன. அதன் பிறகு எங்களுக்குள் வாட்ஸப்பில் அம்மாவின் மாத்திரைச் சீட்டும், அதற்கொரு கட்டைவிரலும் மட்டும். இரண்டு வருஷம். அம்மா இருவரிடமும் மற்றவர் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன ஐப்பசியில் ஒருநாள் மழை. மாடவீதியில் தண்ணீர் என்று செய்தியில் காட்டினார்கள். நான் பலகைக்குள் போய் அண்ணா பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவனுக்குத் தனிக்கடிதம் ஒன்று போட்டேன். ஆங்கில எழுத்தில், தமிழில், ஆறு வரி. மழை, தண்ணி, அம்மா. பணத்தைப் பற்றி ஒன்றுமில்லை. வாட்ஸப்பில் அவனுக்கு அனுப்பியது பாஸ்வேர்டும், டாஸ்பாக்ஸ் கோப்புகளும், ஒரே ஒரு வரியும்: ஏடிடிடி, பக்கத்தில் எங்கள் வீட்டு எண். கட்டைவிரல் வரவில்லை.

நாலாம் நாள் ராத்திரி இணைந்தபோது எனக்குக் கடிதம் இருப்பதாகத் திரை சொன்னது. திறந்தேன். ஒவ்வொரு வரியாக வந்தது.

'நம்பர் பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணல. அப்புறம் டயல் பண்ணேன். கனெக்ட்னு வந்ததும் கிச்சன்ல யாராவது போனை எடுத்துடுவாங்களோன்னு திரும்பிப் பாத்தேன். அம்மா முட்டி வலி நிஜமா எப்படி இருக்கு? எங்கிட்ட பொய் சொல்றா. அப்பாவோட பிளாப்பி டப்பா உங்கிட்ட இருக்கா? நீல மூடி. என் மெயிலெல்லாம் அதுல சேவ் பண்ணி வெப்பார்.'

இருந்தது. வீட்டைக் காலி செய்தபோது எடுத்துவந்து பரணில் போட்டிருந்தேன். பதினோரு பிளாப்பி, எல்லாவற்றிலும் அண்ணாவின் பெயர் அப்பா கையெழுத்தில்.

சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் யூஎஸ்பியில் மாட்டும் பிளாப்பி டிரைவ் கேட்டேன். ஏழு கடையில் சிரித்தார்கள். எட்டாவது கடைக்காரர், "அதெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். நான் பேரம் பேசவில்லை.