மழையில்லா நாளில் ஒழுகிய கூரை

உதகையில் தைத் திங்களின் காலைப்பொழுது பேரழகு வாய்ந்தது. இரவெல்லாம் புல்வெளியில் படிந்த உறைபனி, இளவெயில் பட்டதும் ஆவியாய் எழும். வானில் மேகத்தின் சுவடும் இராது. 2024-ஆம் ஆண்டு அத்தகைய ஒரு காலையில்தான் எங்கள் வீட்டிற்குள் மழை பெய்தது.

எங்களுடையது பழைய தகரக் கூரை வீடு. தகரத்திற்கும் பலகைத் தளத்திற்கும் இடையே, குனிந்து நடக்குமளவு உயரத்தில் ஒரு மச்சு உண்டு. மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து, குடில் சுரூபங்களைப் பெட்டியிலிட்டு மச்சில் வைக்க ஏறியபோது, அட்டைப் பெட்டிகள் நனைந்து குழைந்து கிடந்தன. சென்ற அக்டோபரில்தான் கூரையை மாற்றியிருந்தோம். ஆணித்துளைகளைச் சரியாக அடைக்கவில்லை என்று அக்கணமே தீர்ப்பெழுதிவிட்டோம். கூரை வேய்ந்த பெரியவருக்குத் தரவேண்டிய மீதி 6,000 ரூபாயைக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பின் தருவதாகச் சொல்லியிருந்தோம். இப்போது, "ஒழுகலை நிறுத்தினால்தான் பணம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டோம். உழைத்தவரின் கூலியைப் பிடித்து வைப்போரைப் பற்றி யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியிருப்பது அப்போது எங்கள் நினைவுக்கு வரவேயில்லை.

அடுத்த ஊரில் வேலையாயிருந்த அவர் இரு வாரம் கழித்து வந்தார். வாதாடவில்லை. ஏணி கேட்டார். மேலே சென்று தகரத்தின் உட்புறத்தைக் கையால் தடவினார்.

"ஐப்பசி மழையில ஒழுகிச்சா சார்?"

இல்லை என்றோம். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"ஆணி இருக்குற இடத்துல மட்டும் ஈரம் இல்லை, பாருங்க. தகரம் பூராவும் வேர்த்திருக்கு. இது உங்க வீட்டுத் தண்ணிதான்."

அவர் சொன்னதே உண்மை. தெளிந்த வானின்கீழ்த் தகரம் தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி தங்கும். சுழிப் பாகையில் ஐந்து கிராம்கூடத் தங்காது. மிஞ்சியது தகரத்தின் உட்புறத்தில் உறைபனியாய்ப் படிந்து, வெயில் ஏறியதும் உருகிச் சொட்டியிருக்கிறது. நீராவிக்குத்தான் எங்கள் வீட்டில் பஞ்சமா? ஒரு சமையல் எரிவாயு உருளை எரிந்து தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஆவியாய் வெளிப்படுகிறது என்பதைப் பின்னர்க் கணக்கிட்டறிந்து வியந்தோம். சுவரைத் துளைக்கும் செலவு மிச்சமென்று, சமையலறை விசிறியின் குழாயை மச்சுக்குள்ளேயே திறந்துவிட்டிருந்தோம். துவைத்த துணிகளையும் அங்குதான் உலர்த்தினோம். புதிய சிமென்டுப் பூச்சும் மழைக்காலத்தில் உலராமலே இருந்தது. போதாக்குறைக்கு, குளிர்காற்றும் எலியும் புகாதிருக்கட்டும் என்று, இறவாரத்தை ஒட்டி முன்னோர் விட்டிருந்த இடைவெளி முழுவதையும் அடைத்துவிட்டோம். அடைக்க வேண்டாமென்று அவர் அன்றே சொன்னதாக என் மனைவிக்கு நினைவு. எனக்கும்தான், ஆயினும் நான் அதைச் சொல்லவில்லை.

பணத்தைக் கொடுத்தோம், கூடுதலாக ஓர் ஆயிரமும் வைத்தோம். மறுக்காமல் வாங்கி எண்ணினார். "பத்தாந்தேதி பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்னு இருந்தேன். வட்டிக்கு வாங்கிக் கட்டிட்டேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். எவ்வளவு வட்டி என்று கேட்டோம். பதில் சொல்லாமல் கம்பிவலை வாங்கிவரச் சொன்னார்.

இறவாரத்தை மீண்டும் திறந்து, எலி நுழையாதபடி வலையடித்தார். விசிறிக் குழாயைச் சுவர் வழியே வெளியே கொண்டுபோனார். மச்சுக் கதவின் இடுக்குகளைத் துணிப்பட்டை ஒட்டி அடைத்தார். தவக்காலம் தொடங்குமுன் மரச்சட்டங்கள் உலர்ந்தன. சூசையப்பர் சுரூபத்தின் வண்ணம் மட்டும் உரிந்துவிட்டது.

இப்போதும் கடுங்குளிர் நாட்களில் மச்சுக் கதவருகே இரண்டொரு துளிகள் தென்படும். அன்று சமையலறைச் சன்னலைச் சற்று அதிக நேரம் திறந்து வைக்கிறோம். வீடு முன்னைவிடக் குளிர்கிறது என்று அம்மா முணுமுணுக்கிறார்; கம்பளி ஒன்று கூடுதலாக வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.