மத்தேயு விட்ட பெயர்களும் விடாத பெயர்களும்



புதிய ஏற்பாட்டைத் திறந்தவுடன் நம்மில் பலர் முதற்பக்கத்தை வாசிக்காமலே புரட்டிவிடுகிறோம். மத்தேயு முதலாம் அதிகாரத்தின் முதல் 17 வசனங்கள் வெறும் பெயர்கள். ஆராதனையில் அப்பகுதியை வாசிக்க நேரும் சகோதரர் சல்மோன், அம்மினதாப், செருபாபேல் என்று ஒவ்வொரு பெயரிலும் கால் இடறிக்கொண்டே போவதைப் பீடத்தருகே அமர்ந்து பலமுறை கண்டிருக்கிறேன். ஆயினும் மத்தேயு தம் நற்செய்தியை அற்புதத்தில் தொடங்கவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர்ப்பட்டியலில் தொடங்கினார். இந்த வாரம் அப்பட்டியலருகே சற்று நிற்போம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஆத்தூர், செம்பட்டி, சின்னாளப்பட்டி வட்டாரத்துச் சபைக் குடும்பங்கள் சிலவற்றில் இப்போது வம்சவரலாறு தேடும் ஆர்வம் எழுந்திருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பூட்டன் பெயர் தெரியாது. ஆகவே யாரோ ஒருவர் பழைய குடும்ப வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் தாத்தா எழுதிவைத்த பிறந்த தேதிகளைப் படம் எடுக்கிறார். திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் புரட்ட அனுமதி கேட்டு வருகிறார். கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த கல்லைத் தடவி எழுத்துக் கூட்டுகிறார். கிடைத்ததையெல்லாம் வரைபடமாக்கிச் சொந்த இணையதளத்தில் ஏற்றிவிடுகிறார்.

வேலை எளிதன்று. மேல்நாட்டார் செய்த மென்பொருள் முதலில் குடும்பப்பெயரைக் கேட்கும். நமக்கோ தலைமுறைக்கு ஒரு முன்னெழுத்து. தகப்பன் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் அதுவும் மறைந்துபோகிறது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் ‘பெயரன்’ என்கிறோம். அதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வருகிறது, எந்த தேவசகாயம் எந்த தேவசகாயம் என்று பிரித்தறிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணந்த வீடுகளில் கிளைகள் திரும்பி வந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்வதால் அது மரம்போலவே இராது, மல்லிகைப் பந்தல்போல் இருக்கும். பழைய பதிவுகளில் பெண்கள் பெரும்பாலும் ‘மனைவி’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறார்கள்.

ஆனால் என்னிடம் வந்த இளைஞரின் சங்கடம் இவற்றில் எதுவுமில்லை. ஆறு தலைமுறைகளைத் தேடித் தொகுத்த அவர், தளத்தைத் திறக்குமுன் இரண்டு பெயர்களைப் பற்றிக் கேட்க வந்தார். முதலாவது, அவருடைய ஓட்டி. பதிவேட்டில் அந்தப் பெண்ணின் ஞானஸ்நானப் பெயர் இருக்கிறது. பெற்றோர் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில் கைவிடப்பட்டு வந்த பிள்ளை என்பது குடும்பத்துப் பெரியவர்கள் வாய்வழி அறிந்த செய்தி. எந்த ஊர், எந்தச் சாதி, ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது, உயிரோடிருக்கும் அத்தை மகள் ஒருத்தி. சாதி மாறித் திருமணம் செய்து வேறு ஊரில் வாழ்கிறாள். வீட்டாரில் பாதிப்பேர் அவளோடு பேசுவதில்லை. இருவரையும் எடுத்துவிடு என்பது பெரியப்பாவின் கட்டளை. “அந்த அப்பத்தா பேரு இருக்கட்டும் தம்பி, பஞ்சத்துல வந்தவன்னு எதுக்குப் போடணும்? நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் அதைத்தான் மொதல்ல படிப்பான்” என்றாராம்.

பெரியப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் சம்பந்தம் பேசுகையில் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்பது நம் சபைகளில் ஓய்ந்துவிட்டது என்று நான் எழுதினால் நீங்களே நகைப்பீர்கள். அமெரிக்க மிஷனரிகள் 1830-களில் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் ஊழியம் தொடங்கிய நாள்முதல் இந்தக் கேள்வியோடு மல்லாடினார்கள். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு வம்சவரலாறு எழுதுவோரும் விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது. வம்சவரலாறு ஞாபகத்தைக் காக்கும் ஏடாகவும் இருக்கலாம், சாதிச் சான்றிதழாகவும் மாறிவிடலாம். எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

பாளையங்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1780-ஆம் ஆண்டு அங்கு எழுதப்பட்ட சபைப் பட்டியலில் 40 பேர் இருந்தனர். திருநெல்வேலித் திருமண்டலத்தின் வரலாறு அந்த நாற்பது பெயர்களிலிருந்தே பேசப்படுகிறது. முதலிடத்தில் நிற்பவர் கிளாரிந்தா. தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்தவர். அவ்வாழ்வு தொடர்ந்த வரையில் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்தபின் 1778-இல் கொடுத்தார். அந்த அம்மையார் முன்னின்று கட்டிய ஆலயத்தை 1785-இல் சுவார்ட்ஸ் ஐயரே பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தி அம்மாள் கோவில் என்று ஊரார் அழைத்தனர். அவர் நம் வீட்டு மூதாட்டியாக இருந்திருந்தால் நம்மில் எத்தனைபேர் அவர் கதையை முழுதாக இணையத்தில் ஏற்றியிருப்போம்? தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) வழித்தோன்றல்கள் தங்கள் தலைமுறைகளை மகிழ்ச்சியோடு எண்ணிக் காட்டலாம். கவிராயரை மூதாதையாகப் பெற்றவர்க்கு அது எளிது. கிளாரிந்தாவைப் போன்றவரை மூதாதையாகப் பெற்றவர்க்கே சோதனை.

இப்போது மத்தேயுவிடம் திரும்புவோம். அவர் பட்டியலைப் பதினான்கு பதினான்காக மூன்று பகுதிகளாக அமைக்கிறார். அதற்காகச் சிலரை விட்டிருக்கிறார். யோராமுக்கு அடுத்து உசியாவை எழுதுகிறார்; ஆனால் இராஜாக்கள், நாளாகமப் புத்தகங்களை வாசித்தால் இருவருக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் எருசலேமில் அரசாண்டது தெரியும். சிங்காசனத்தில் அமர்ந்த மூவரை மத்தேயு விட்டுவிட்டார். இடம் போதவில்லை என்றால் வேறு யாரையெல்லாம் விட்டிருக்கலாம்! மாமனாரை ஏமாற்றிப் பிள்ளை பெற்ற தாமாரை விடவில்லை. எரிகோவின் வேசியாகிய ராகாபை விடவில்லை. மோவாபியப் பெண் ரூத்தை விடவில்லை. பத்சேபாளின் பெயரைச் சொல்லாமல் உரியாவின் மனைவி என்று குறிப்பிடுகிறார். அதனால் தாவீதால் கொலையுண்ட அந்த ஏத்தியனின் பெயர் மேசியாவின் வம்சப்பட்டியலிலேயே நிலைத்துவிட்டது. தாவீதின் கௌரவத்தைக் காக்க நினைத்த எழுத்தர் எவரும் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

வம்சப்பட்டியல் மனிதரை வெளியே தள்ளவும் பயன்பட்டதை வேதம் மறைக்கவில்லை. பாபிலோனிலிருந்து திரும்பிய சில ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமற்போனதால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டதை எஸ்றா இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. அவர்களில் பர்சிலாயின் குடும்பத்தார், பெண் கொடுத்த வீட்டின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டவர்கள். ஏடு தொலைந்ததால் வேலையிழந்த அந்த மனிதரின் இரவுகளை நான் சில சமயம் நினைப்பதுண்டு. எபேசுவிலிருந்த தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, ஓயாத வம்சவரலாறுகளில் மூழ்குவோரை எச்சரிக்கும்படி பவுல் சொல்கிறார். தன் கோத்திரம் பென்யமீன் என்று விரல்விட்டுக் காட்டக்கூடியவர் அவர். ஆனாலும் அதை நஷ்டமென்று எண்ணினார். ஆகவே அந்த ஓட்டியின் பெற்றோர் பெயர் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதுங்கள் என்று இளைஞரிடம் சொன்னேன். வெற்றிடத்தை நிரப்ப ஒரு நல்ல குலத்தைக் கற்பித்து எழுதுவது பொய்ச்சாட்சி. அத்தகைய கற்பனைகள் சில தளங்களில் வீரபரம்பரைகளாக உலவுகின்றன.

உயிரோடிருக்கும் அத்தை மகளின் காரியம் வேறு. இங்கே நான் பெரியப்பாவின் பக்கமும் இல்லை, இளைஞரின் பக்கமும் இல்லை. அவளை நீக்குவது அநியாயம். ஆனால் அவர் ஆர்வத்தில் அவளுடைய புகைப்படம், கணவர் பெயர், பிள்ளையின் பிறந்தநாள், வாழும் ஊர் அனைத்தையும் ஏற்றத் தயாராக வைத்திருந்தார். 2016 மார்ச் 13-ஆம் நாள் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பழனியைச் சேர்ந்த பெண்ணைச் சாதி கடந்து மணந்ததற்காக ஓர் இளைஞர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார், மனைவியும் வெட்டுண்டார்.

மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை இந்த நோக்கில் வாசித்திருக்கிறீர்களா? வம்சப்பட்டியல் முடிந்த அடுத்த அதிகாரத்திலேயே ஏரோது வருகிறான். நட்சத்திரம் தோன்றிய காலத்தைச் சாஸ்திரிகளிடம் நுட்பமாக விசாரிக்கிறான். பிள்ளை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தனக்கு அறிவிக்கச் சொல்கிறான். பிறந்த தேதி, இருக்கும் இடம், இரண்டுமே அவனுக்கு வேண்டும். சாஸ்திரிகள் சொல்லாமல் வேறு வழியாய்ப் போனார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பேசாமல் போனார்கள். மத்தேயு அந்த வம்சத்தை எழுதியதோ ஏரோது மாண்டு நெடுங்காலம் ஆனபின். மரித்தவர்களின் உண்மையை அவர் ஒளிக்கவில்லை. உயிருள்ள குழந்தையின் இருப்பிடத்தைச் சாஸ்திரிகள் காட்டிக்கொடுக்கவில்லை.

வம்சவரலாறு தொகுக்கும் உங்களிடம் சில வேண்டுகோள்கள். உயிரோடிருப்பவர்களுக்குப் பெயர் மட்டும் போதும், அதுவும் அவர்கள் சம்மதித்தால். பிறந்த தேதியும் தாயின் பெயரும் வங்கி மோசடி செய்வோருக்கும் பயன்படும் என்பதை மறவாதீர்கள். சிறுபிள்ளைகளின் படம் வேண்டாம். சபைப் பதிவேட்டின் பக்கத்தை அப்படியே படமெடுத்துப் போடாதீர்கள்; உங்கள் பாட்டனுக்கு மேலும் கீழும் வேறு வீட்டாரின் பதிவுகள் இருக்கின்றன, அவர்கள் உங்களிடம் அனுமதி தரவில்லை. மூன்று நாள் வாழ்ந்து மரித்த குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயர் இருந்தால் அதையும் சேருங்கள். ‘மனைவி’ என்று மட்டும் எழுதப்பட்ட பெண்களுக்குப் பெயர் கண்டுபிடிக்க, ஊரில் எஞ்சியிருக்கும் பெரியம்மாக்களைக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

இளைஞர் அத்தை மகளைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். பின்பு, தன் பெயரும் கணவர் பெயரும் பிள்ளையின் பெயரும் இருக்கட்டும், ஊர் வேண்டாம், படம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள்; அப்படியே ஏற்றப்பட்டது. ஓட்டியின் பெயருக்குக் கீழே “பெற்றோர் பெயர் தெரியவில்லை, தாது வருடப் பஞ்சத்தில் வந்தவர்” என்று இருக்கிறது. பெரியப்பா அதை இன்னும் ஏற்கவில்லை. தம்முடைய படத்தை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டார்கள். ஆயினும் சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னருகே வந்து, அந்த அப்பத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயர் யாரென்று பதிவேட்டில் இருக்குமா என்று கேட்டார். பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.