இயந்திரம் பயின்ற பாடம்

பள்ளி ஆசிரியன் ஒருவன் மருத்துவத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நோயைப் பற்றி எழுத மருத்துவர் இருக்கின்றனர். கணினியைப் பற்றி எழுதப் பொறியாளர் இருக்கின்றனர். ஆயினும், செயற்கை நுண்ணறிவு என்று இன்று எங்கும் பேசப்படுவது, அடிப்படையில், கற்பிக்கப்பட்ட ஒரு மாணவனே ஆகும். அம்மாணவனுக்குப் பாடம் சொன்னவர் யார்? அவன் எழுதிய தேர்வு எத்தகையது? தேர்வில் வென்றவன் வாழ்விலும் வென்றானா? இவ்வினாக்களைக் கேட்கும் உரிமை ஆசிரியனுக்கு உண்டு. அவ்வுரிமையைக் கொண்டே இதனை எழுதுகின்றேன்.

எடுத்துக்காட்டாக ஒரு நோயை மட்டும் கொள்வோம். நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்று வழங்கும் நீரிழிவு, மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேரைப் பற்றியிருந்ததாக 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு கூறியது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அவ்விகிதம் 15.6 ஆகக் குறைந்தது. குறைந்தபோதிலும், ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் என்பது சிறு தொகையன்று. இந்திய வம்சாவளியினராகிய நம்மிடையே இந்நோய் மிகுதி என்பதும் யாவரும் அறிந்ததே.

நீரிழிவு பல்லாண்டு நீடிக்குங்கால், விழித்திரையில் உள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் பழுதடைகின்றன. அவற்றினின்று நீரும் குருதியும் கசிகின்றன. தொடக்கத்தில் வலி இல்லை, பார்வையும் குறைவதில்லை. பார்வை குறையத் தொடங்கும்போது பெரும்பாலும் கேடு முற்றியிருக்கும். ஆண்டுதோறும் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்துவந்தால், கேட்டினை முன்னரே கண்டு, லேசர் சிகிச்சை முதலியவற்றால் பார்வையைக் காக்கலாம். படமெடுப்பது எளிது. அப்படத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் கண் மருத்துவர்தாம் பல நாடுகளில் போதிய அளவில் இல்லை.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லேன். என் தாயார் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து, பட்டையின் ஆழத்தை அணுவளவும் பிசகாமல் கண்டு கத்தி வைத்த கண்கள் அவருடையவை. முதுமையில் ஒரு நாள், நாளிதழைக் கீழே வைத்துவிட்டு, "எழுத்தெல்லாம் தண்ணியில நனைஞ்ச மாதிரி இருக்குய்யா" என்றார். மருத்துவர் பார்த்தபோது வலக்கண்ணில் கேடு முற்றியிருந்தது. இடக்கண்ணை லேசர் சிகிச்சை காத்தது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு படம் எடுத்திருந்தால் இரு கண்களையும் காத்திருக்கலாம் என்றார் அம்மருத்துவர். அச்சொல் அன்று என் நெஞ்சில் தைத்தது. இத்துறையின் ஆய்வுகளை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அதனாலேயே.

2016ஆம் ஆண்டில் கூகுள் நிறுவன ஆய்வாளர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். 128,175 விழித்திரைப் படங்களை அவர்கள் கணினிக்குக் காட்டினர். அமெரிக்காவிலிருந்தும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் பெற்ற படங்கள் அவை. ஒவ்வொரு படத்தையும் 54 கண் மருத்துவர் கொண்ட குழுவில் மூவர் முதல் எழுவர் வரை தனித்தனியே மதிப்பிட்டனர். ஒரே விடைத்தாளை எழுவர் திருத்துவது போன்றது இது. நம் பள்ளிகளில் எந்த மாணவனுக்கு இத்தகைய பேறு வாய்க்கிறது? பின்னர் நடந்த ஒரு தேர்வில், சிறப்பு மருத்துவரிடம் அனுப்பத்தக்க நிலையிலிருந்த கண்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றை அக்கணினி சரியாகச் சுட்டியது. அந்நிலை எய்தாதவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைச் சரியாக விலக்கியது.

அடுத்த ஆண்டே சிங்கப்பூர் ஆய்வாளர், பல இன மக்களின் விழித்திரைப் படங்களைக் கொண்டு தாம் உருவாக்கிய முறைமையைப் பற்றி அறிவித்தனர். 2018இல், மருத்துவரின் விளக்கம் இன்றித் தானே முடிவு கூறும் கண் பரிசோதனைக் கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இசைவளித்தது.

இவ்வளவும் தேர்வுக் கூடத்துச் செய்தி. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரைகளைக் கேட்டுத் தேறிய எவரும், முதன்முதலாக நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் கால் வைத்த நாளை மறந்திருக்கமாட்டார். இயந்திரத்துக்கும் அந்நாள் வந்தது. தாய்லாந்தில் 11 மருந்தகங்களில் கூகுள் நிறுவனத்தின் முறைமையைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதங்களில் இட்ட 1,838 படங்களுள் நூற்றுக்கு 21ஐ, தெளிவில்லை என்று இயந்திரம் ஒதுக்கிவிட்டது. பல மருந்தகங்களில் படமெடுக்க இருட்டறை இல்லை. சில இடங்களில் இணைய இணைப்பும் மந்தமாக இருந்தது. படம் ஒதுக்கப்பட்டால் நோயாளி தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆதலின், நோயாளியின் அல்லல் கருதி, ஆய்வில் சேர வேண்டா என்று தாதியர் சிலர் அவர்களைத் தடுத்ததும் உண்டு. இயந்திரத்தின் கல்வியில் குறையில்லை. இருட்டறையும் பேருந்துக் கட்டணமும் அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

நம் நிலைக்கு வருவோம். 'கண் மருத்துவரை நாடுக' என்று இயந்திரம் நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். அத்தீர்ப்பு மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ அச்சாகித் தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டியின் கையில் வந்து சேரும். அவர் அதனை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பினால், அத்துணைப் படங்களும் அத்துணை மருத்துவரின் உழைப்பும் என்ன பயன் தந்தன? கண்டறிவது வேறு, கண்டறிந்ததை உணர்த்துவது வேறு. உணர்த்துதல் மொழியின் பணி.

மற்றொன்றும் உண்டு. நோயாளியின் பேச்சைக் கேட்டுக் குறிப்பெழுதும் கணினிகள் இப்பொழுது மருத்துவமனைகளில் புகுந்து வருகின்றன. அவை தமக்கு ஊட்டப்பட்ட மொழியையே அறியும். 'கால் மதமதன்னு இருக்கு', 'தலை கிறுகிறுன்னு வருது', 'கண்ணுல பூச்சி பறக்குது' என்று நம் முதியோர் கூறுவன வெறும் கொச்சைமொழி அல்ல, நோயின் அறிகுறிகள். அவை எழுத்தில் ஏறாதவரை எந்த இயந்திரமும் அவற்றைக் கற்கப்போவதில்லை. இலக்கியத் தமிழைப் போற்றும் நாம், இத்தமிழையும் ஏட்டில் ஏற்றக் கடமைப்பட்டுள்ளோம்.

இக்கருத்தினால் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு பணி கொடுத்தேன். தாத்தா பாட்டியிடம் அமர்ந்து, உடல் நலிவுகளை அவர்கள் எச்சொற்களால் கூறுகின்றனர் என்று கேட்டு எழுதிவர வேண்டும். ஒரு சிறுமி நாற்பத்தொரு சொற்கள் கொண்டுவந்தாள். அவற்றுள் ஆறு எனக்கே புதியவை. மற்றொரு மாணவன், தன் பாட்டிக்கு மருந்தகம் கொடுத்த மலாய்க் கடிதத்தைத் தமிழில் எழுதிக் காட்டினான். அதில் குறித்திருந்த நாளை அதுவரை அவ்வீட்டில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. அந்நாளுக்கு இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. பாட்டி சென்று வந்தார்.

புதிய கருவிகளைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அவற்றை வழிபடவும் வேண்டா. நன்கு பயின்ற மாணவனை வேலைக்கு அமர்த்துவோம். அவன் அறியாததை அறிந்த மனிதரை அவனருகே நிறுத்துவோம். தமிழாசிரியரும் மாணவரும் அம்மனிதராக இருத்தல் கூடும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பேசி முடித்தபின், ஒரு வினாவை மட்டும் கூடுதலாகக் கேளுங்கள்: வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர்க்குக் கடைசியாகக் கண்ணைப் படமெடுத்தது எப்பொழுது?