செப்புத் தகட்டில் நாயக்கர் மகால்

திருமலை நாயக்கர் மகாலின் பழைய படம் ஒன்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் வருகிறது. இடிந்த சுவர், வெளுத்த வானம், கீழே எறும்பு மாதிரி மனிதர்கள். "அந்தக் காலத்து போட்டோ" என்று குறிப்பும் இருக்கும். அது போட்டோ அல்ல. அந்தப் படம் வந்தபோது போட்டோவே பிறக்கவில்லை.

தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1792-இல் மதுரை வழியாகப் போனார்கள். அப்போது வரைந்ததை லண்டனில் செப்புத் தகட்டுக்கு மாற்றி அச்சிட்டார்கள். 1795 முதல் 1808 வரை வந்த மொத்தப் படங்கள் 144. மகாலோடு நம் புதுமண்டபமும் அதில் உண்டு.

தகட்டு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. முதலில் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு இழுப்பார்கள். திராவகத்தில் வைத்தால் ஊசி பட்ட இடத்தை மட்டும் அது அரிக்கும். நான் படித்த பிரெஞ்சில் இந்தக் கலைக்கே 'ஓ ஃபோர்த்' என்று பெயர். வலுத்த தண்ணீர், அதாவது திராவகம்! ஆனால் கோட்டால் வானத்தையும் நிழலையும் காட்ட முடியாது. அதற்கு மரப்பிசினைப் பொடியாகத் தூவி, சூடுகாட்டி ஒட்டவைப்பார்கள். பிசின் துகள்களுக்கு இடையில் மட்டும் திராவகம் இறங்கும். வெளிச்சமாக இருக்கவேண்டிய இடத்தை முதலில் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்றதை மறுபடி திராவகத்தில் விடுவார்கள். இப்படிப் பல முறை. கடைசிவரை மூடாமல் விட்ட இடம்தான் நல்ல கறுப்பு.

நம் சுங்குடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நூலால் முடிந்த இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. அதே கணக்குதான்.

அச்சிட்ட பிறகு நீர்வண்ணத்தைக் கையால் தீட்டினார்கள்.

ஆகவே அந்தப் படத்தில் இரண்டு வேலை இருக்கிறது. வளைவு, தூண் இவற்றின் அளவை நான் பெரும்பாலும் நம்புவேன். பயணத்தில் அவர்கள் 'கேமரா அப்ஸ்குரா' என்ற இருட்டுப்பெட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியே காகிதத்தில் விழும் உருவத்தை அப்படியே வரைந்துகொள்ளலாம். வானமும் ஒளியும் நிழலும் அப்படியல்ல, லண்டன் பட்டறையில் பிசினும் திராவகமும் செய்தவை. பாழடைந்த கட்டடத்தைப் பார்த்து உருகுவது அன்றைய ஐரோப்பிய ரசனை. வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான்: படத்தைப் பார்த்தால் மழையும் காலமும் சேர்ந்து மகாலைத் தின்றுவிட்டது போலிருக்கும். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது, மகாலைப் பிரித்து வேண்டியதை எடுத்துப் போனார் என்றுதான் மதுரையில் சொல்வார்கள். மிஞ்சியது கால்பங்கு. இதைக் காட்ட எந்த நிழலும் போதாது. பிறகு சென்னை கவர்னர் நேப்பியர், 1866-க்கும் 1872-க்கும் இடையில், பழுது பார்த்துக் கொடுத்ததால் இன்று நாம் டிக்கெட் எடுத்து உள்ளே போகிறோம்.

உண்மையான போட்டோ வேண்டுமென்றால் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரையில் எடுத்தவை இருக்கின்றன. அவரும் வெறும் வானத்தை அப்படியே விடுகிறவர் அல்ல. காகித நெகட்டிவில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்ப்பது அவர் வழக்கம்.