ஒருமுறை கேட்டால் போதும்

திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையும் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. முன்னதன் மாணவர்கள் பின்னதற்குள் நுழைவது அரிது. நாகர்கோவிலிலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்து படித்த மாணவி ஒருவர் நுழைந்தார். அதுவும் ஒரு வேலைத் தேர்வில் தோற்ற மறுவாரம்.

தேர்வில் கேட்கப்பட்டது பைனரி மரத்தின் விட்டம், அதாவது ஏதேனும் இரு கணுக்களுக்கு இடையிலான மிக நீண்ட பாதை. ஒவ்வொரு கணுவிலும் இடக்கிளையின் உயரத்தையும் வலக்கிளையின் உயரத்தையும் கூட்டி, அத்தொகைகளில் பெரியதைத் தேடினார். விடை சரி, ஆனால் நேரம் கடந்துவிட்டது. சங்கிலிபோல் ஒரே பக்கமாக நீண்ட மரத்தில் 1,00,000 கணுக்கள் இருந்தால், உயரத்தை ஒவ்வொரு கணுவிலும் புதிதாக அளக்க ஏறத்தாழ 500 கோடி படிகள் வேண்டும். ரிகர்ஷன் தனக்கு வராது என்றே அவர் முடிவுகட்டியிருந்தார்.

நூலகத்திற்கு அவர் போனது, யாப்பு நூல்களை ஆராயும் தோழிக்குத் துணையாக. பிங்கலரின் சந்த சாஸ்திரத்தில் வரும் ஒரு கணக்கைத் தோழி விளக்கினார். ஓர் எழுத்து லகுவாகவோ குருவாகவோ இருக்கலாம்; அப்படியானால் ஆறெழுத்து அடிக்கு எத்தனை வடிவங்கள்? எண் இரட்டையானால் பாதியாக்கு. ஒற்றையானால் ஒன்றைக் கழி. 6, 3, 2, 1, 0 என இறங்கவேண்டும். ஏறும்போது, கழித்த இடத்தில் இரட்டித்து, பாதியாக்கிய இடத்தில் வர்க்கம் காண, 1, 2, 4, 8, 64.

மாணவி தாளில் மரம் வரைந்தார். எழுத்துதோறும் இரு கிளைகள், நுனியில் 64 இலைகள். இட, வலக் கிளைகள் ஒன்றேபோல் இருப்பதால் பிங்கலர் ஒன்றை மட்டும் கேட்டு இரட்டிக்கிறார். மேற்பாதியின் எட்டு நுனிகளிலும் அதே கீழ்ப்பாதி தொங்குவதால் எட்டை எட்டால் பெருக்குகிறார். கிடைத்த விடையை மறுமுறை எண்ணுவதே இல்லை.

தேர்வு மரத்தின் இரு கிளைகளும் வேறுவேறு. இரண்டையும் கேட்டாக வேண்டும். ஆனால் ஒவ்வொன்றையும் ஒருமுறைதான். கணு தன் பெற்றோருக்குச் சொல்லவேண்டியது உயரம். விட்டமோ, இரு உயரங்களும் கையிலிருக்கும் அந்தக் கணத்திலேயே கூட்டிப் பார்த்து, இதுவரை கண்ட பெரியதோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. மேலே சொல்வது ஒன்று, தேடுவது வேறொன்று. பாடப்புத்தகங்கள் பலவும் இவ்வேறுபாட்டைச் சொல்லாமலே நிரலைத் தந்துவிடுகின்றன. மாணவரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்.

கழக்கூட்டத்தில் மாலை வண்டிக்குக் காத்திருக்கையில், நூலகத்தில் வரைந்த தாளின் பின்புறத்தில் அவர் அந்த நிரலைத் திருத்தி எழுதினார். பத்து வரிகூட வரவில்லை.